உள்ளாட்சி வேட்பாளரின் வேலை வாக்குறுதி: எது அவர் கையில் இருக்கிறது?

2021 அக்டோபரில் நெல்லை, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது வந்த துண்டறிக்கை ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. மேலே பூட்டுச்சாவி சின்னம். முதல் வாக்குறுதி: 'வீட்டுக்கு ஒருவருக்கு அரசு வேலை.' அவர் நின்றதோ ஊராட்சித் தலைவர் பதவிக்கு! அந்த நாற்காலிக்கு அப்படியோர் அதிகாரம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், வாங்கிப் படித்த எங்களுக்கும் தெரியும்.

கிராமத்து வாக்காளருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சி இல்லாமல் நிற்கிறார்கள். ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் கட்சிச் சின்னம் உண்டு. எனவே தலைவர் வேட்பாளர் தொழிற்கொள்கை பேசினால் அதற்குப் பொறுப்பேற்கக் கட்சி எதுவும் கிடையாது. அவர் சொந்த வாய்ச்சொல் மட்டும்தான்.

அடிக்கடி கேட்கிற வாக்குறுதி, நெல்லை அருகே கங்கைகொண்டானில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை வாங்கித் தருவது. அங்கே டாடாவின் சூரிய மின்தகடு ஆலை 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆளெடுப்பது நிறுவனம், நிலத்தையும் சலுகையையும் தீர்மானிப்பது மாநில அரசு. தலைவரால் முடிந்தது ஒரு சிபாரிசு.

நூறு நாள் வேலை என்று நாம் பழகிவிட்ட ஊரக வேலை உறுதி, 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் பிறந்தது. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது. 'கூலியை ஏற்றித் தருவேன்' என்று ஊரில் ஒருவர் சொன்னால் அது வெறும் பேச்சு. தொகை டெல்லியில் முடிவாகிறது. ஆனால் எந்த வேலையைச் செய்வது என்பதில் ஊராட்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சாலையோரம் புல் செதுக்கியே நாளைக் கழிக்கலாம். கருவேலம் மண்டிய வரத்துக்காலைத் தூர்வாரிக் குளத்துக்குத் தண்ணீரும் கொண்டுவரலாம். பிந்தையது நடந்தால் பிசானப் பருவ நெல் நடவுக்கு ஆள் தேவைப்படும். திட்டத்தின் நாள்களுக்கு அப்பாலும் கூலி கிடைக்கும். வேட்பாளரின் உண்மையான பொருளாதாரக் கொள்கை இந்தத் தேர்வில்தான் தெரியும் என்பேன்.

முக்கூடல் பக்கம் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களிடமும் ஓட்டுக் கேட்டு வருகிறார்கள். ஆயிரம் பீடிக்கு என்ன குறைந்தபட்சக் கூலி என்பது மாநில அரசின் ஆணை. கொடுத்த இலையில் ஆயிரம் தேறவில்லை என்றாலும், சேமநிதி ஏறவில்லை என்றாலும் போக வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகம் அல்ல. தொழிலாளர் துறை, வருங்கால வைப்பு நிதி அலுவலகம்.

சொந்தத் தொழிலுக்குக் கடன் வாங்கித் தருவதாகவும் சொல்வார்கள். வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம் உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக வங்கிக்குப் போகிறது. யார் வீட்டு வாசலிலும் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, தலைவர் கையில் என்னதான் இருக்கிறது? வீட்டுவரி, தொழில்வரி, சந்தைக் குத்தகை, குளத்து மீன் ஏலம், புளியமர ஏலம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஏலம் நாலு பேருக்குத் தெரியாமல் முடிந்தால் மீனும் புளியும் ஒரே கைக்குப் போகும். ஊருக்குத் தெரிந்து நடந்தால் சுய உதவிக் குழுப் பெண்களும் கேட்க முடியும். வரவு செலவைக் கிராமசபையில் வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம்.

துண்டறிக்கை கொடுத்தவரிடம் அன்றைக்கு எங்கள் சித்தி ஒன்றே ஒன்று கேட்டார். "அண்ணாச்சி, போன வருஷம் புளியமரம் எவ்வளவுக்குப் போனது?" அவர் கும்பிட்டபடியே அடுத்த வீட்டு நடையேறிவிட்டார்.