மாட்டின் கழுத்திலிருந்து மனித இதயத்துக்கு

மாட்டின் கழுத்துச் சிரைக்குள் இயற்கையாகவே வால்வு உண்டு. அந்தச் சிரைத் துண்டை வால்வோடு எடுத்து, பிளாட்டினக் கம்பிக் கூட்டுக்குள் தைத்து, 2000-ஆம் ஆண்டில் பாரிஸில் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வாசலில், நுரையீரல் வால்வு இருக்கும் இடத்தில், பொருத்தினார் இதய மருத்துவர் பிலிப் போன்ஹோஃபர். மார்பைத் திறக்கவில்லை. பெருந்தமனி வால்வை இதேபோல் மார்பைத் திறக்காமல் பொருத்தும் ‘டாவி’ சிகிச்சைதான் இன்று எல்லோருக்கும் தெரியும். அது மனிதரிடம் முதலில் நடந்தது 2002-இல். தம்பி பேர் வாங்கிவிட்டான்!

பிறவி இதயக் குறைக்குச் சிறுவயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே இந்த நுரையீரல் வால்வுச் சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படுகிறது. வளர வளர வால்வு ஒழுகும், அல்லது அன்று வைத்த செயற்கைக் குழாய் சுருங்கும். வலது கீழறை திணறும். ஒவ்வொரு முறையும் மார்பைத் திறந்தால் பழைய தழும்பு அடுத்த அறுவையைக் கடினமாக்கும். அதனால் தொடைச் சிரை வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை அனுப்பி, மடக்கிய வால்வைப் பலூனால் விரிக்கிறார்கள். அதற்கு முன் வெறும் பலூனை ஊதிப் பார்ப்பது கட்டாயம். சிலருக்குப் பக்கத்திலேயே, இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கொரோனரி தமனி ஓடும். அது நசுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சரி, எத்தனை நாள் தாங்கும்? இந்த மாட்டுச் சிரை வால்வின் பெயர் மெலடி. அமெரிக்காவில் அதைப் பொருத்திக்கொண்ட 149 பேரைத் தொடர்ந்த ஆய்வின் கணக்குப்படி, பத்தாண்டு முடிவில் 90 சதவீதத்தினர் உயிரோடிருந்தார்கள். 79 சதவீதத்தினருக்கு மறு அறுவை தேவைப்படவில்லை. எந்த மறு சிகிச்சையும் இல்லாமல் தப்பியவர்கள் 60 சதவீதம். கடைசி எண் குறைவாகத் தெரியலாம். ஆனால் பழைய வால்வுக்குள்ளேயே புதியதை விரித்துவிட முடியும் என்பதால், மறு சிகிச்சை என்றாலே மறுபடி கத்தி என்று பொருளில்லை.

ஆரம்பத்தில் கம்பிக் கூடுகள் அடிக்கடி உடைந்தன. ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம் நெருக்கினால் கம்பி என்ன செய்யும்? முதலில் ஸ்டென்ட் என்ற வெறும் கம்பி வலைக் குழாயை வைத்து, அதற்குள் வால்வைப் பொருத்தத் தொடங்கியதும் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

தொற்றுதான் இன்னும் அடங்கவில்லை. கதீட்டர் வழியே வால்வு பொருத்திக்கொண்ட 2,476 பேரை ஆராய்ந்தபோது, ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 2 பேருக்கு வால்வில் கிருமி குடியேறியது தெரிந்தது. வாயிலிருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து அங்கே போய் ஒட்டிக்கொள்ளலாம். இதயத்துக்கு வால்வு வைக்கப் போனவரை ஏன் முதலில் பல் டாக்டரிடம் அனுப்புகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.