சாக்லேட்டும் புளிக்க வைத்த பண்டம்தான்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் நடந்தால், தென்னைக்கு நடுவே குட்டையாகச் சில மரங்கள் நிற்பதைப் பார்க்கலாம். காய்கள் கிளை நுனியில் இருக்காது. பலாவைப் போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். அதுதான் கோகோ. பழுத்த காயைக் கல்லில் தட்டி உடைத்தால் உள்ளே முப்பது நாற்பது கொட்டைகள், சீத்தாப்பழச் சுளை மாதிரி வெள்ளைச் சதை போர்த்தி அடுக்கடுக்காக இருக்கும். சதையைச் சப்பினால் இனிப்பும் புளிப்பும் கலந்து நன்றாகவே இருக்கும். கொட்டையைக் கடித்துப் பார்த்தால் முகம் சுளித்துவிடும். உள்ளே ஊதா நிறம், கடும் கசப்பு, பிஞ்சு வாழைக்காயின் துவர்ப்பு. சாக்லேட் வாசனை துளிகூட இருக்காது.

அப்படியென்றால் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு இட்லி மாவைப் போலத்தான், புளிப்பதிலிருந்து.

கொட்டைகளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழை இலை போட்டு மூடிவிடுவார்கள். ஐந்து முதல் ஏழு நாள் வரை அப்படியே கிடக்கும். முதலில் வேலையைத் தொடங்குவது ஈஸ்ட். சதையிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். சதை கரைந்து நீராக வடியும். இரண்டாம் நாள் வாக்கில் கொட்டையைக் கிளறிவிடுவார்கள். காற்று உள்ளே போனதும் வேறொரு கூட்டம் பாக்டீரியாக்கள் வந்து சாராயத்தைப் புளிக்காடியாக மாற்றும். அந்த வேலையில் பிறக்கும் சூடு கொஞ்சநஞ்சமல்ல. குவியலுக்குள் கையை விட்டால் வெந்நீரில் விட்டது போலச் சுடும். 45 முதல் 50 டிகிரி வரை ஏறும்.

முளைக்கக் காத்திருந்த விதை இந்தச் சூட்டிலும் புளிப்பிலும் செத்துப்போகிறது. அது சாகும்போதுதான் சாக்லேட் பிறக்கிறது. உயிருள்ள விதையில் தனித்தனி அறைகளில் பூட்டிக் கிடந்த என்சைம்கள், சுவர்கள் இடிந்ததும் வெளியே வருகின்றன. புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன, சர்க்கரையையும் சிறிதாக நறுக்குகின்றன. ஊதா நிறம் பழுப்பாகிறது, கசப்பு தணிகிறது. இதற்குப் பிறகு வெயிலில் காயவைத்து வறுக்கும்போது, அந்த அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாகின்றன. தோசை முறுகும்போது நடக்கும் அதே வேதிவினைதான் இது. சரியாகப் புளிக்காத கொட்டையை எத்தனை பக்குவமாக வறுத்தாலும் அந்த மணம் வராது. அதனால்தான் வியாபாரிகள் கொட்டையை நீளவாக்கில் பிளந்து பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே பழுப்பு நிறமும் வெடிப்புகளும் இருந்தால் நல்ல சரக்கு. ஊதா நிறம் மிச்சமிருந்தால் புளிப்பு போதவில்லை.

கோகோவின் பிறந்த வீடு மெக்சிகோ என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் ஈக்வடாரின் தென்கிழக்கில், சாந்தா ஆனா லா ஃப்ளோரிடா என்ற இடத்தில் கிடைத்த மட்பாண்டங்களில் கோகோவின் தடயம் ஒட்டியிருந்தது. அவற்றின் வயது சுமார் 5,300 ஆண்டுகள். அமேசானின் மேற்பகுதியில் பிறந்து, பிறகு வடக்கே போய், மெக்சிகோ பக்கத்துப் பழைய நாகரிகங்களான மாயா, ஆஸ்டெக் மக்களிடம் செல்வாக்குப் பெற்ற பயிர் இது. ஆஸ்டெக்குகள் கொட்டையைக் காசாகவே செலவழித்தார்கள். அவர்களுக்கு அது தின்பண்டம் அல்ல, பானம். வறுத்த கொட்டையை மெட்டாடே என்ற கல்லில் குழவியால் அரைத்து, தண்ணீரில் கரைத்து, உயரத்திலிருந்து ஆற்றி நுரை வரவழைத்துக் குடித்தார்கள். அந்தக் கல்லைப் படத்தில் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டு அம்மிதான் ஞாபகம் வந்தது.

கட்டிச் சாக்லேட்டுக்கு இன்னும் இருநூறு வயது ஆகவில்லை. 1828இல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் கொட்டையைப் பிழிந்து கொழுப்பைத் தனியே எடுக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்தக் கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்து, 1847இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் அச்சில் வார்த்த கட்டியை விற்றது. 1875 வாக்கில் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் அதில் பாலைச் சேர்த்தார்.

அரைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வறுத்த கோகோ பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதனால் தண்ணீரே விடாமல் அரைத்தாலும், எள்ளை ஆட்டுவது போல, சூடேறி இளகிக் குழம்பாகிவிடும். தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் திரண்டு கெட்டியாகிவிடும் என்பதால் இங்கே தண்ணீர் பகை. நாக்கு முப்பது மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகளை மணல் போல உணர்ந்துவிடும். எனவே அதற்கும் கீழே போகும் வரை, ஒரு நாள், இரண்டு நாள் கூட விடாமல் அரைக்க வேண்டும். பெரிய ஆலைகளிடம் இதற்கு ராட்சத உருளைகள் உண்டு. சிறிய அளவில் செய்ய நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை வாங்கினார்கள்! இட்லிக்கு மாவாட்டப் பிறந்த அந்தக் கருங்கல் உருளைகள், நீண்ட நேர ஓட்டத்துக்குத் தாங்கும்படி மாற்றப்பட்டு, இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனையோ சிறு சாக்லேட் பட்டறைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ச் சரக்கு இப்படி ஒரு வேலையில் அமர்ந்ததை நினைத்தால் மனசு நிறைகிறது.

அப்புறம், வாயில் போட்டதும் கரைகிறதே, அது கொழுப்பின் படிகம் செய்யும் வேலை. கோகோ வெண்ணெய் எனப்படும் அந்தக் கொழுப்பு ஆறு விதமாக உறையும். அதில் ஐந்தாவது வகைதான் வேண்டும். அது சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடல் சூடு 37. அதனால் கையில் கெட்டியாக இருந்து நாக்கில் இளகுகிறது. இந்த வகை மட்டும் அமைவதற்காக, உருக்கிய சாக்லேட்டை 27 டிகிரி வரை ஆறவைத்து, மறுபடி 31, 32க்கு ஏற்றி வார்ப்பார்கள். சித்திரை வெயிலில் பையிலேயே உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டில் வெள்ளை படிந்திருப்பதைப் பார்த்துப் பூஞ்சை என்று தூக்கி எறிபவர்கள் உண்டு. அது பூஞ்சை அல்ல, படிகம் குலைந்து மேலே வந்த கொழுப்பு. மொறுமொறுப்பு போயிருக்கும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு வருகிறேன். கோகோவில் ஃபிளேவனால் என்ற பொருள் இருக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உருவாக உதவி, குழாயை நெகிழ்வாக வைக்கிறது. ஆனால் முதலில் சொன்ன கசப்பும் துவர்ப்பும் பெரும்பாலும் இந்த வகைப் பொருள்களால் வருபவைதான். புளிக்க வைக்கும்போது கொஞ்சம் போகிறது, வறுக்கும்போது கொஞ்சம் போகிறது, நிறத்துக்காக ஆல்கலி என்ற காரப்பொருளை (மிளகாய்க் காரம் அல்ல) சேர்த்துப் பதப்படுத்தினால் பெரும்பகுதி போய்விடுகிறது. சுவை ஏற ஏற மருந்து இறங்குகிறது. அமெரிக்காவில் 21,442 பேரிடம் நடந்த காஸ்மோஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. தினம் 500 மில்லிகிராம் ஃபிளேவனால் எடுத்தவர்களிடையே இதய நோய்ச் சாவு குறைந்திருந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுக்குக் கொடுத்ததும் மாத்திரை, சாக்லேட் அல்ல. கடையில் வாங்கும் பால் சாக்லேட்டில் பாதி எடை சர்க்கரையாகவே இருக்கும். அதை இதயத்துக்கு நல்லதென்று குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஆசைக்கு ஒரு துண்டு கொடுங்கள், போதும். வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால், நாக்கில் மெழுகு போல ஒட்டுவது அதனால்தான். வீட்டு நாய்க்கு மட்டும் ஒரு துண்டு கூட வேண்டாம். கோகோவிலுள்ள தியோபுரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது, அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து.