எம்பெரிபொலீசிஸ்: உள்ளுலா

தாராவி 90 அடி சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், மகனுடைய பயாப்சி ரிப்போர்ட்டோடு போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். பையனுக்குக் கழுத்தில் நெறி கட்டி, வலியே இல்லாமல் வீங்கிக் கிடந்தது. நான் லேபில் வேலை பார்ப்பவன் என்பதால், எங்கள் தெருவில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் என்னிடம் ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகும். ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, “இது என்ன தம்பி, கேன்சருக்கு இன்னொரு பேரா?” என்றார்.

எம்பெரிபொலீசிஸ். அது நோயின் பெயரே இல்லை, மைக்ராஸ்கோப்பில் கண்ட காட்சியின் பெயர் என்றேன். “சரி, என்ன காட்சி?” என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு செல்லுக்குள் இன்னொரு செல் முழுசாக, சிதையாமல், உயிரோடு இருப்பதுதான் எம்பெரிபொலீசிஸ். ஹம்பிள், ஜெய்ன், புல்வர்டாஃப்ட் என்ற மூவர் 1956இல் இந்தப் பெயரை வைத்தார்கள். சொல் கிரேக்கம். ‘என்’ என்றால் உள்ளே, ‘பெரி’ என்றால் சுற்றி, மிச்சம் இருப்பது உலவித் திரிவதைக் குறிக்கும் வினை. மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆவதுபோல, ‘என்’ பகரத்தின் முன்னால் ‘எம்’ ஆகிவிட்டது.

இதற்குப் பேர்போனது, 1969இல் ரோசாய், டார்ஃப்மன் இருவரும் விவரித்த நிணக்கணு நோய் (நெறி கட்டும்போது வீங்குவதே நிணக்கணுதான்). பெரும்பாலும் கழுத்தில் வரும். தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு. சிலைடில் அதைப் பார்க்க வேண்டும். திசுவில் இருக்கும் காவல் செல்லான வெளிறிய பெரிய ஹிஸ்டியோசைட், அதன் வயிற்றில் கருநீலப் பொட்டுகளாக லிம்ஃபோசைட்டுகள் என்ற சின்ன வெள்ளையணுக்கள். காஞ்சிபுரம் இட்லியைப் பிட்டால் முழு மிளகு தெரியுமே, அதே மாதிரி. ஒவ்வொரு மிளகைச் சுற்றியும் மெல்லிய வெள்ளை வளையம் வேறு. எஸ்100 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டால் இட்லி பழுப்பாகிவிடும், மிளகில் மட்டும் சாயம் ஏறாது. இந்த ஒரு காட்சியை வைத்தே நோயை முடிவு செய்ய முடியாது. வேறு சில நோய்களிலும் இது தென்படும்.

எலும்பு மஜ்ஜையிலும் இது நடக்கிறது. பிளேட்லெட்டுகளை உண்டாக்கும் மெகாகேரியோசைட் என்ற ராட்சதச் செல்லுக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு நுழைந்து, தன் சவ்வில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு, உயிரோடு வெளியே வந்துவிடுவதை 2019இல் எலிச் செல்களில் காட்டினார்கள்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? ‘விழுங்கல்’ என்று எழுதினால் தப்பு. அது பேகோசைட்டோசிஸ், அதில் உள்ளே போனது செரித்துவிடும். இலங்கைத் தமிழர் அதைத் தின்குழியமை என்பார்கள், தின்பது சொல்லிலேயே இருக்கிறது. (செல்லுக்கு அவர்கள் வைத்த ‘கலம்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். லிம்ஃபோசைட் போன்ற சொற்களின் கடைசியில் வரும் ‘சைட்’டின் கிரேக்க மூலமும் பாத்திரம்தான்.) ‘ஊடுருவல்’ சொல்லலாமா என்றால், கட்டி பக்கத்துத் திசுவுக்குள் பரவுவதற்கு அதை ஏற்கெனவே வைத்துக்கொண்டோம்; ரிப்போர்ட்டில் பார்த்தால் வீட்டில் அழுகைதான். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நண்பர் ஒருவர் கிண்டலாகச் சொன்னார். அங்கே உயிர் மட்டும்தான் போகும், உடம்பை வெளியே போட்டுவிடும். இங்கே உடம்போடு போகிறது.

கிரேக்கச் சொல்லின் உயிர் நடமாட்டத்தில் இருக்கிறது. சிலைடில் எல்லாம் உறைந்து நிற்பதால் நாம் அதை மறந்துவிடுகிறோம். சுற்றி வருவதற்கு நம்மிடம் ‘உலா’ இருக்கிறது. தலைவன் தெருத்தெருவாகப் பவனி வருவதைப் பாட ஒரு சிற்றிலக்கிய வகையே அந்தப் பெயரில் உண்டு. உலாவில் சுற்றுவதும் அடங்கிவிடுவதால் ‘பெரி’க்குத் தனிச்சொல் தேவையில்லை. உள் + உலா, உள்ளுலா. விளக்கமாக வேண்டுமானால் உயிரணு உள்ளுலா. உள்ளுலவும் லிம்ஃபோசைட் என்று வினையாகவும் வளையும். ‘செல் உட்செல் இருப்பு நிலை’ மாதிரியான மொழிபெயர்ப்புகள் அப்படி வளையாது.

அண்ணாச்சியிடம், “பெரிய செல்லுக்குள்ள சின்ன செல் உலாத்திக்கிட்டு இருக்கு, அண்ணாச்சி. அது இதைத் தின்னல, இது அதைக் கெடுக்கல” என்றேன்.

“ஊர்லேர்ந்து வந்தவன் நம்ம ரூம்ல தங்குத மாதிரில்லா இருக்கு” என்றார். செவ்வாய்க்கிழமை மகனை டாக்டரிடம் கூட்டிப்போகிறார்.