திட்டுத் திட்டாய் ஒரு பூனை

‘மாட்டில்டு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘புள்ளிகள் உள்ள’ என்று போட்டிருக்கிறது, அப்படியானால் ‘ஸ்பாட்டட்’ எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். புள்ளி என்றால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். மாட்டில்டு அப்படியில்லை, ஒழுங்கில்லாமல், ஒரு நிறத்துக்குள் இன்னொன்று கசிந்த மாதிரி திட்டுத் திட்டாக இருப்பது. சிறுத்தை ஸ்பாட்டட். காடை முட்டையும் குளிரில் நிறம் மாறிய தோலும் மாட்டில்டு.

சரி, அகராதி வேலை முடிந்தது. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு எலி. பிரிட்டனில் ஹார்வெல் ஆய்வகத்தில் மரபியலாளர் மேரி லயன் கதிர்வீச்சினால் வரும் மரபு மாற்றங்களை எலிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு வகை எலிக்குப் பெயரே ‘மாட்டில்டு’. பெண் எலிகளின் முடிதான் திட்டுத் திட்டாக இருந்தது, ஆண்களில் அந்தக் கலவை இல்லை. ஏன்?

ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம், பெண்ணுக்கு இரண்டு என்பது பள்ளிப் பாடம். இரண்டும் வேலை செய்தால் பெண் உடலில் எக்ஸ் செய்யும் வேலையெல்லாம் இரட்டிப்பாகிவிடுமே! அதனால் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸைத் தூங்கவைத்துவிடுகிறது, எதை என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான் என்று லயன் 1961-ல் எழுதினார். அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. தூங்கப்போகும் எக்ஸிலிருந்தே கிளம்பும் ஒரு ஆர்.என்.ஏ. இழை (டி.என்.ஏ.வைப் பார்த்து எழுதிய நகல்), அந்த எக்ஸையே போர்வை மாதிரி மூடிவிடுகிறது. எனக்கு இதில் பிடித்தது, செல் இதை மறப்பதேயில்லை என்பது. அது பிரிந்து பிரிந்து ஆயிரமானாலும் ஆயிரத்திலும் அதே எக்ஸ்தான் தூங்கும்.

பெண் எலியின் திட்டுகளுக்குக் காரணம் இதுதான். ஆமையோட்டு நிறப் பூனையிலும் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு எக்ஸில் ஆரஞ்சு, இன்னொன்றில் கறுப்பு. நிறமிச் செல்கள் கருவின் முதுகுப்பக்கத்திலிருந்து கிளம்பி, வயிற்றை நோக்கி ஊர்ந்துகொண்டே பெருகும். எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போனால் இரண்டு நிறமும் கலந்து அசல் மாட்டில்டு. வெள்ளைக்கான மரபணுவும் சேர்ந்திருந்தால் (அது வேறு குரோமோசோமில் இருக்கிறது) கொஞ்சம் செல்கள்தான் கிளம்பும், ஒவ்வொன்றும் தனக்கென்று இடம் பிடித்துக் குடும்பத்தைப் பெருக்கும், திட்டுகள் பெரிதாகிவிடும். மூவண்ணப் பூனை அப்படி வருவதுதான். ஆண் மூவண்ணப் பூனை அதிர்ஷ்டம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் எக்ஸ்-எக்ஸ்-ஒய் என்று ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பிறந்த பூனை, அதுவும் அநேகமாக மலட்டுப் பூனை. அதன் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆரஞ்சு மரபணு எது என்று 2025 வரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்: ஆரஞ்சு நிறம் தரும் எக்ஸில் சுமார் 5,000 டி.என்.ஏ. எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன. கியூஷு குழு பூனைப் பிரியர்களிடம் இணையத்தில் நிதி திரட்டியது. கேட்க இனிமையாக இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், அடிப்படை ஆராய்ச்சிக்கு உண்டியல் குலுக்கவேண்டுமா? எலி முடியின் நிறத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று லயனையும் நிறுத்தியிருக்கலாம்.

அப்புறம் சிசி. 2001 டிசம்பரில் டெக்சஸில் பிறந்த, உலகின் முதல் குளோனிங் பூனை. அம்மா... அம்மா என்று சொல்வதா, அசல் என்பதா தெரியவில்லை, அது ரெயின்போ என்ற மூவண்ணப் பூனை. ஒரே மரபணுக்கள்தான், ஆனால் சிசியின் உடம்பில் ஆரஞ்சு பேருக்குக்கூட இல்லை. குளோன் எடுத்த அந்த ஒற்றைச் செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் அதை எழுப்பவில்லை.