"லினக்ஸ் போட்டதுக்கப்புறம் தமிழே போயிருச்சுங்ண்ணா"

போன சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. கடை ஷட்டரை இறக்கப் போன நேரத்தில் ஒரு பால் சங்கத்தின் செயலாளரும் அங்கே கணக்கு எழுதும் பெண்ணும் வந்து நின்றார்கள். பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற பக்கத்துச் சங்கம், பெயர் வேண்டாம். அந்தப் பெண்ணின் கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருந்தார்கள்.

"லினக்ஸ் போட்டதுக்கப்புறம் தமிழே போயிருச்சுங்ண்ணா. எல்லாம் இங்கிலீசு எழுத்தா வருது. ரெண்டு ராத்திரி உக்காந்து மறுபடியும் டைப் பண்ணீட்டனுங்."

46 பக்கம். பொதுக்குழு அறிக்கை, உறுப்பினர் பட்டியல், மூன்று வருட மினிட்ஸ். பழைய பிரின்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக அடித்திருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் பட்டியலில் ஒரு கருப்பாத்தாள் கருப்பாயி ஆகிவிட்டார், பாங்க் புத்தகத்தில் கருப்பாத்தாள் என்றே இருக்கிறது. இனி அந்தப் பாட்டி தன் போனஸ் பணத்துக்கு யாரிடம் போய் நிற்பார்?

பழைய ஃபைலிலிருந்தே அந்த 46 பக்கத்தையும் சரியான தமிழாக மாற்றிக் கொடுக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. இந்த ஆறு மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர்கள் நான்காவது. வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தன. எல்லைப் பக்கத்துச் சங்கங்கள், டுடோரியல்கள், பத்திரம் எழுதும் ஆதார எழுத்தர் ஆபீஸ்களில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பாதிக்கு மேல் விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய பெட்டிகள். லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ மிண்ட்டோ போட்டுக்கொண்டால் இன்னும் பல வருடம் ஓடும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் 2001-ல் தொடங்கியது, 2017-ல் அது கைட் நிறுவனமானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். இங்கே தமிழ் மீடியத்தில் எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருள் தெரியும். அப்பாவின் ஆபீஸில்தான் அதைக் கண்டு பதறுகிறார்கள்.

இப்போது அந்தத் தமிழ் எங்கே போனது என்று பார்ப்போம். தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் ஃபைலில் முதலிலிருந்தே தமிழ் கிடையாது. பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து இங்கிலீஷ் குறிகள். எம் என்ற எழுத்துக்கு 'அ' படமும், அரைப்புள்ளிக்கு மெய்யெழுத்தின் புள்ளியும் வரைந்து வைத்திருப்பது அந்த ஃபாண்ட். ஃபாண்ட் இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ். அது இல்லாத கம்ப்யூட்டரில், அது லினக்ஸோ புது விண்டோஸோ செல்போனோ எதுவாக இருந்தாலும், உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். லினக்ஸ் எதையும் அழிக்கவில்லை, உள்ளே இருந்ததைக் காட்டியது, அவ்வளவுதான்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரம் யூனிகோடு. அதில் 'அ' என்றால் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் 'அ'. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு அதில் தனி இடம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் கோவைப் பக்கத்துப் பிரஸ்ஸிலிருந்து இன்றைக்கும் பாமினியிலும் வானவில்லிலும் ஃபைல் வருகிறது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து எம்.எல். கார்த்திகா ஃபாண்டில் மலையாளம் வருகிறது, அதற்கும் இதே நோய்தான். எல்லையில் உட்கார்ந்திருக்கும் நாம் இரண்டு பக்கத்து மிச்சத்தையும் சுமக்கிறோம்.

"அந்த ஃபாண்டை லினக்ஸில் போட்டுக் கொடுங்க, போதும்" என்பார்கள். போடலாம், எழுத்தும் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் உறுப்பினர் பட்டியலில் நடந்ததைக் கேளுங்கள். யாரோ அதைக் கமா பிரித்த ஃபைலாகச் சேமித்துக் கொடுத்திருக்கிறார்கள். எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கும்போது அரைப்புள்ளியும் பிரிப்பான் என்று டிக் ஆகியிருந்தது. பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. முத்து என்ற பெயர் 'முத' ஒரு கட்டத்திலும் 'து' அடுத்த கட்டத்திலுமாக இரண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. பட்டியலில் புள்ளி வைத்த பெயர் எல்லாம் இப்படியே. பாமினியில் 'இ' எழுத்துக்குக் கமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கேயும் வெட்டு விழலாம். அகர வரிசைப்படி அடுக்கினாலோ இங்கிலீஷ் வரிசையில் அடுக்கும், தேடினால் கிடைக்காது. ஃபாண்டை நிறுவிக்கொண்டால் இதில் எது சரியாகும்?

ஆகவே, ஆபீஸ் மென்பொருள் எது என்று கேட்பதற்கு முன்னால் எழுத்தைச் சரிசெய்யுங்கள். ஃபைலைத் திறந்து ஃபாண்ட் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்ந்த எழுத்தில் தெரிந்தால் அந்த ஃபாண்ட் உங்களிடம் இல்லை என்று பொருள். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாமினிக்கு ஒரு கணக்கு, வானவில்லுக்கு வேறு கணக்கு. பழைய ஃபாண்ட் எழுத்தை யூனிகோடாக்கும் மாற்றியில் தவறான பெயரைத் தேர்ந்தெடுத்தால் குப்பைதான் வரும். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஆள் விவரம் உள்ள பட்டியலை வெளியே ஏற்ற வேண்டாம் என்றால் ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை வைத்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே மாற்றலாம். மொத்த ஃபைலையும் அள்ளி மாற்றியில் போடாதீர்கள், நடுவில் உள்ள உண்மையான இங்கிலீஷ் சொற்களும் தமிழ்க் குழம்பாகிவிடும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தேடி மாற்றும் பெட்டிக்குள் ஃபாண்ட் பெயரை வைத்தே தேட முடியும். பாமினியில் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ஃபைலே போய்ப் பிரின்ட் மட்டும் மிஞ்சியிருந்தால்கூட மறுபடி அடிக்க உட்காராதீர்கள். ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் கொடுங்கள், அதற்குத் தமிழ் படிக்கத் தெரியும். பிழை திருத்த வேண்டியிருக்கும், இரண்டு ராத்திரி ஆகாது.

இனி மென்பொருள். பெரும்பாலோருக்கு லிப்ரே ஆபீஸ் போதும். 2010-ல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, இடைவிடாமல் வளர்கிறது. பழைய பெயர் நினைவில் இருப்பதால் இன்னும் ஓபன் ஆபீஸைத் தேடி இறக்குகிறார்கள். வேண்டாம். 2014-ல் வந்த 4.1 வரிசையிலேயே அது நிற்கிறது, வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது.

ஆடிட்டரோடு தினமும் டாக்எக்ஸ் போய்வந்துகொண்டிருந்தால் ஒன்லி ஆபீஸைப் பாருங்கள், அது மைக்ரோசாஃப்ட் வடிவங்களையே தன் வடிவமாக வைத்து வேலை செய்வது. டபிள்யூ.பி.எஸ். பார்க்க வேர்டு மாதிரியே இருக்கிறது என்று கேட்கிறார்கள். அது மூல நிரல் திறக்கப்படாத மென்பொருள், இருபது வருட மினிட்ஸை நான் அதை நம்பி வைக்க மாட்டேன். எதைப் போட்டாலும் முதலில் கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ நான்கையும் அடித்து, பிரின்ட் எடுத்துப் பாருங்கள். மேக்ரோ (வேலையைத் தானே செய்யும் கட்டளைகள்) எழுதிய எக்செல் ஃபைல் இருந்தால், அதை ஓட்டிப் பார்க்காமல் விண்டோஸை அழிக்கவே அழிக்காதீர்கள்.

"தமிழுக்கு ஃபாண்ட் அளவு மாற மாட்டேங்குது" என்பது அடுத்த புலம்பல். லிப்ரே ஆபீஸின் பாணிகளில் (ஸ்டைல்ஸ்) இங்கிலீஷுக்கு ஒரு ஃபாண்ட், நம் மொழிகளுக்குத் தனியாக ஒரு ஃபாண்ட். அமைப்பில் (ஆப்ஷன்ஸ்) மொழிகள் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறை என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுத்தால் அந்த இரண்டாவது பெட்டி தெரியும். ஃபாண்டுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ, லோஹித் இருக்கின்றன. மீரா இனிமை என்ற தமிழ் ஃபாண்டை நமக்குத் தந்ததே சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுதான், நம் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை, பழைய டைப்ரைட்டர் முறை இரண்டும் வரும். விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை அம்மா, எழுத்து மட்டும் மாறினால் போதும்.

உங்களிடமே இருக்கும் மூலத்தை லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓ.டி.டி.யில் வையுங்கள். 2006-லேயே சர்வதேசத் தரமான வடிவம் அது, நாளைக்கு வேறு மென்பொருளிலும் திறக்கும். வெளியே அனுப்புவது பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். டாக்எக்ஸ் ஆக அனுப்பினால் அங்கே விண்டோஸின் லதா ஃபாண்ட், இங்கே நோட்டோ, அகலம் மாறிக் கையெழுத்து வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். பி.டி.எஃப். ஏற்றுமதிப் பெட்டியில் மூல ஃபைலையும் உள்ளே பொதிக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் அந்த பி.டி.எஃப்.-ஐயே லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்தலாம். சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முந்தைய பிரதியை எடுத்து வைக்கும் வசதியும் அமைப்பில் உண்டு, இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

நூறு பக்கத்துக்கு மேல் கையேடு, பைலா என்று எழுதுகிறவர்கள் தலைப்புகளுக்குத் தடிமன் எழுத்தைக் கையால் போடுவதை நிறுத்திப் பாணிகளைப் பயன்படுத்துங்கள், பொருளடக்கம் தானே வரும். விருப்பமுள்ளவர்கள் மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதி பாண்டாக் என்ற வடிவமாற்றி வழியே வேண்டிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சுக்கோர்ப்பு மென்பொருளான லேடெக் என்றால் தமிழுக்கு சீலேடெக் அல்லது லுவாலேடெக் எடுங்கள், பழைய பி.டி.எஃப்.லேடெக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

இந்தக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் யாரென்று நான் கேட்கவில்லை. தொழில் செய்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபார்மட் அடிப்பதற்கு முன் வாடிக்கையாளரின் நான்கு ஃபைல்களைத் திறந்து என்ன ஃபாண்ட் என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் ஒரு பெண் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

மாற்றிய பட்டியலை அவரே வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். 112-வது வரியில் விரல் நின்றது. கருப்பாத்தாள், பழைய ஃபைலில் இருந்தபடியே. தான் இரண்டு ராத்திரி அடித்ததை அழித்துவிடச் சொன்னார். பீரோவில் இன்னொரு பென்டிரைவ் இருக்கிறதாம், 2009-லிருந்து உள்ள மினிட்ஸ் எல்லாம் அதில்தானாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.