காதால் பந்தைத் தடுப்பது எப்படி?

பாராலிம்பிக் கோல்பால் ஆட்டத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு வேகமாக வரும் பந்தின் குறுக்கே எப்படிச் சரியாக விழுகிறார்கள்?

இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1946-ல் உருவான ஆட்டம் இது. களத்தின் நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர்; அந்த 9 மீட்டரும் கோல்தான். பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோருக்கும் கண்மறைப்பு; ஓர் அணி பந்தைக் கையால் உருட்டி எறியும், எதிரணி உடலைக் குறுக்கே போட்டுத் தடுக்கும். கோடுகளுக்கு அடியில் கயிறு ஓடும், தடவினால் நிற்கும் இடம் தெரிந்துவிடும். பந்து ரப்பர், 1.25 கிலோ, உள்ளே மணிகள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் களத்தைக் கடக்க ஒரு வினாடியும் கொஞ்சமும்தான்.

ஒலி நேர் எதிரே இருந்து வந்தால் இரு காதுகளையும் ஒன்றாக எட்டும். ஒரு பாகை விலகினால், ஒரு காதுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோவினாடி முந்தி வரும். ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு! மூளை அதையும் பிடித்துவிடுகிறது. 10 மீட்டர் தள்ளி ஒரு பாகை என்பது 17 சென்டிமீட்டர். பந்தின் விட்டமோ 24. கணக்கு கச்சிதம். ஆனால் இந்தக் கூர்மை முகத்துக்கு நேரே மட்டும்தான், பக்கவாட்டில் வெகுவாக மழுங்கிவிடும். அதனால்தான் முகம் எப்போதும் பந்துப் பக்கம்.

மணிக்குப் பதில் இடைவிடாத 'பீப்' ஒலி வைத்தால் என்ன? அதில் புதிய தொடக்கங்கள் இல்லையே, ஒப்பிடுவது கடினம். மணியின் ஒவ்வொரு 'கிணிங்'கும் புதிதாகத் தொடங்குகிறது, ஒவ்வொன்றும் ஒரு புதிய அளவீடு.

சிக்கலும் மணியில்தான். பந்தின் சுற்றளவு 76 சென்டிமீட்டர். அந்த 60 கிலோமீட்டர் வேகத்தில் வழுக்காமல் உருண்டால் வினாடிக்கு 20 சுற்றுக்கு மேல். மைய விலக்கு விசை புவியீர்ப்பைப் போல் நூறு மடங்கைத் தாண்டும். மணிகள் பந்தின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ள, சத்தம் அடங்கிவிடும். தெரிந்து உருட்டுபவருக்கு அது ஆயுதம். பந்து எறிபவர் பக்கத்திலும் களத்தின் நடுப்பகுதியிலும் தரையைத் தொட்டாக வேண்டும் என்ற விதி தடுப்பவருக்குக் கைகொடுக்கிறது: மணி ஊமையானாலும் பந்து தரையில் மோதும் 'தொப்' கேட்கும், அதற்கும் முன்னால் எறிபவரின் காலடி கேட்கும்.

இதை 'கண்ணை எடுத்த கடவுள் காதைக் கொடுத்தார்' என்று சொல்வது எனக்கு எரிச்சல். பல ஆண்டுப் பயிற்சியை அந்த ஒற்றை வரி அழித்துவிடுகிறது.

அரங்கில் ஆட்டம் ஓடும்போது பார்வையாளர்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது. கைதட்டலெல்லாம் கோல் விழுந்த பிறகுதான்.