எண்பதும் முப்பத்திரண்டும்: ஒரு கரும்புக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் கவுந்தப்பாடிப் பக்கம் போனால் கரும்புக்காட்டு உச்சியில் வெள்ளி நிறத்தில் பூ ஆடிக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்கள் அப்புச்சிக்கோ அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும், “பூவெடுத்துருச்சு, இனி எங்க வளரப் போகுது” என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. குருத்தே பூவாக மாறிவிடுவதால் கரும்பு அதற்குமேல் உயராது, ரொம்ப நாள் வெட்டாமல் விட்டால் உள்ளே பஞ்சு பிடித்துவிடும்.

அதே பூவுக்காக ஆண்டு முழுக்கக் காத்திருக்கிற ஆட்களும் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். கோயமுத்தூர் வீரகேரளத்தில் இருக்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இல் தொடங்கியது. கரும்பு பூக்க வேண்டுமானால் பகல் பொழுது சுமார் பன்னிரண்டரை மணி நேரமாக இருந்து மெல்ல மெல்லக் குறைய வேண்டும், ராத்திரியில் கடும் குளிரும் கூடாது. வட இந்தியாவில் இது சரியாக அமைவதில்லை, கோயமுத்தூரில் அமைகிறது. அதனால்தான் பஞ்சாபுக்கான கரும்பையும் இங்கே உருவாக்கினார்கள்.

பூ எதற்கு என்று கேட்கலாம், நாம் கரும்பை விதை போட்டா வளர்க்கிறோம்? கணு உள்ள துண்டாக, கரணையாக வெட்டி நடுகிறோம். கரணையில் முளைப்பது புதுப் பிள்ளை இல்லை, பழைய செடியே திரும்பவும் முளைக்கிறது. ஒரு ரகம் பத்து லட்சம் ஏக்கரில் நின்றாலும் மரபணுக் கணக்குப்படி அது ஒரே ஒரு செடிதான். புதுசாக ஒன்று வேண்டுமென்றால் பூவுக்கும் மகரந்தத்துக்கும்தான் போயாக வேண்டும். பஞ்சு மாதிரிப் பறக்கிற அந்தப் பூவுக்குள் மில்லிமீட்டர் அளவில் விதை இருக்கும், முளைத்து வரும்போது பார்த்தால் புல் என்று பிடுங்கிப் போட்டுவிடுவோம். அது கரும்புக்கு முளைக்கிற விதைதான் என்று அறிவியல் உலகம் உறுதியாக ஒத்துக்கொண்டதே 1880களின் கடைசியில்தான், அதுவும் ஜாவாவிலும் பார்படாஸிலும் செய்த சோதனைகளுக்கு அப்புறம்.

சரி, எதோடு எதைச் சேர்ப்பது? தெற்கே இருந்தது பொங்கலுக்குக் கடித்துத் தின்கிற கரும்பைப் போலத் தடியான, சாறு நிறைந்த கரும்பு. வகைப்பாட்டில் அதற்குச் சாக்கரம் அஃபிசினாரம் என்று பெயர், பிறப்பிடம் நியூ கினி. இனிப்புக்குக் குறைவில்லை, ஆனால் செல்லப் பிள்ளை, குளிரும் நோயும் வறட்சியும் தாங்காது. இன்னொரு பக்கம் வாய்க்கால்மேட்டில் யாரும் நடாமல் தானாக வளர்கிற பேய்க்கரும்பு, நாணல் என்றும் சொல்வோம், சாக்கரம் ஸ்பான்டேனியம். பென்சில் தடிமன்கூட வராது, இனிப்பும் கிடையாது, ஆனால் சாகாது. அந்தக் கோயமுத்தூர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த பார்பரும் அவருக்கு உதவியாக இருந்த வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தமிழ்ப் பெயர் கொண்ட தடியான நல்ல கரும்பைத் தாயாகவும் கோயமுத்தூர் நாணலைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தார்கள். அதில் தேறிய கோ 205 என்ற ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. ‘கோ’ என்றால் கோயமுத்தூர்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் அப்புறம் வருகிற குரோமோசோம் கணக்கு. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, நமக்கு 23உம் 23உம் சேர்ந்து 46 ஆகிறதே, அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். நல்ல கரும்புக்கு 80 குரோமோசோம், கோயமுத்தூர் நாணலுக்கு 64. பாதிக்குப் பாதி 40உம் 32உம் சேர்ந்து 72 வர வேண்டும். கோ 205இல் எண்ணினால் 112 இருக்கிறது! தந்தை ஒழுங்காகப் பாதி, அதாவது 32தான் கொடுத்திருக்கிறது, தாய் தன்னிடம் இருந்த 80ஐயும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது.

கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் பாதியாகப் பிரிவது வழக்கம். நாணலின் மகரந்தம் சேரும்போது நல்ல கரும்பில் அப்படிப் பாதியாகக் குறையாத கருமுட்டைகள்தான் பிள்ளையாகத் தேறுகின்றன. ஜாவாவில் பிரெமர் என்ற டச்சுக்காரர் 1920களில் இதை எண்ணிக் காட்டினார். பிறந்த கலப்புக் கரும்பை மறுபடியும் ஒரு நல்ல கரும்புத் தாயோடு சேர்த்தால் அந்தத் தாயும் முழுசாகவே கொடுக்கிறது, அதற்கடுத்த தலைமுறைகளில்தான் பாதிக்குப் பாதி கணக்குத் திரும்புகிறது. கரும்பு ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. ஒவ்வொரு முறையும் தாயின் இனிப்பு முழுசாகச் சேருகிறது, நாணலின் பங்கு குறைந்துகொண்டே போகிறது, நோய் தாங்கும் குணம் மட்டும் ஓரளவு தங்கிவிடுகிறது. இன்றைய ரகங்களில் நாணலின் பங்கு பத்திலிருந்து இருபது சதம்வரைதான்.

இத்தனை குரோமோசோம் இருப்பதால் ஒரே பூவின் விதைகளில்கூட ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஆயிரக்கணக்கில் நாற்று விட்டு, கழித்துக் கழித்து, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒன்று தேறும். தேறியதும் கரணையாகப் போய்விடுவதால் அதன் பலம் எல்லா வயலுக்கும் போகிறது, பலவீனமும் கூடவே போகிறது. கோ 0238 என்ற ரகம் 2009இல் வெளிவந்து உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. கரும்பை உள்ளே சிவக்க அழுகவைக்கும் செவ்வழுகல் நோயின் பூஞ்சை அதற்கேற்றபடி மாறிக்கொண்டதும் வயல் வயலாக விழுந்தது. பரிணாமம் பூஞ்சைக்கு மட்டும் ஓடுகிறது, கரணைக்கு நின்றுவிட்டது.

இனங்களுக்கு நடுவே இருக்கிற வேலியும் நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியானது இல்லை. மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு 1934இல் கோயமுத்தூருக்கு வந்த ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடே கலந்து காட்டினார். கரும்பு, சோளம், மக்காச்சோளம், நெல், அருகு எல்லாம் ஒரே புல் குடும்பம்தான் என்று பாடத்தில் படிப்பது வேறு, இரண்டும் கலந்து முளைத்த நாற்றைக் கண்ணால் பார்ப்பது வேறு.

மாசியில் அப்புச்சி வாய்க்கால்மேட்டு நாணலுக்குத் தீ வைப்பார். ஒரு மழை பெய்தால் போதும், கருகிய தூரிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும், சனியன் சாகவே மாட்டேங்குது என்று வைவார். வெட்டிய கட்டையிலிருந்து கரும்பு திரும்பத் துளிர்ப்பதும் பெரும்பாலும் அந்த நாணல் கொடுத்த குணம்தான். அதை மட்டும் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “மறுதாம்பு நல்லா வந்திருக்கு” என்று சந்தோஷப்படுவார்.